டாக்கில் 1.010, கடலில் 1.025: கப்பலில் இன்னும் எத்தனை டன் ஏற்றலாம்?

பாலக்கோடு மாணவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாட்டிகல் சயின்ஸ் படிக்கிறேன். விடுமுறைக்குப் பாலக்கோட்டுக்கு வந்திருக்கும் இந்த நாட்களில் ஷிப் ஸ்டெபிலிட்டி கணக்குகளைப் போட்டுப் பார்த்து வருகிறேன். கடல் இல்லாத மாவட்டம் என்பதால் பக்கத்தில் கேட்டுத் தெளிய ஆள் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். ஒரு கப்பலின் சம்மர் டிராஃப்ட், அதாவது கோடைக்கால எல்லைக்குள் அது நீரில் அமிழலாம் என்ற ஆழம், 9.00 மீட்டர். அந்த டிராஃப்டில், கடல்நீரில், அதன் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது விலக்கும் நீரின் எடை, 24,000 டன், டி.பி.சி., அதாவது ஒரு சென்டிமீட்டர் அமிழத் தேவைப்படும் எடை, 30 டன். கப்பல் இப்போது 1.010 அடர்த்தியுள்ள டாக் நீரில், முன்னும் பின்னும் சமமாக, 8.70 மீட்டர் டிராஃப்டில் நிற்கிறது. 1.025 அடர்த்தியுள்ள கடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் டிராஃப்ட் 9.00 மீட்டராக இருக்க வேண்டுமென்றால், இப்போது இன்னும் எத்தனை டன் சரக்கு ஏற்றலாம்?

8.70-க்கும் 9.00-க்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருக்கிறது என்று பார்த்தால் 900 டன் வருகிறது. டாக் வாட்டர் அலவன்ஸ், அதாவது கடலைவிட டாக் நீரில் கூடுதலாக அமிழும் அளவு, 120 மில்லிமீட்டர்; அதைச் சேர்த்து 42 சென்டிமீட்டர் என்று எடுத்து 30-ஆல் பெருக்கினால் 1,260 டன் வருகிறது. வகுப்பில் தந்த விடை 1,242 டன். இந்த 18 டன் வித்தியாசம் எதனால் வருகிறது? அதோடு, நன்னீர் அலவன்ஸை, அதாவது கடலைவிட நன்னீரில் கூடுதலாக அமிழும் அளவை, கண்டுபிடிக்க டிஸ்பிளேஸ்மென்டை டி.பி.சி.யின் 4 மடங்கால் வகுக்கச் சொல்கிறார்களே, அந்த 4 எங்கிருந்து வந்தது? சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வை எழுதிவிட முடியும். ஆனால் நாளை ஒரு கப்பலில் இந்தப் பொறுப்பு என்னிடம் வரும்போது, நான் போடும் கணக்கின் காரணம் எனக்கே தெரியாமல் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

பென்னாகரம் இயற்பியல் ஆசிரியர்

தம்பி, கப்பலைப் பற்றிய விவரங்களை அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும். இதன் அடியில் இருக்கும் இயற்பியலை மட்டும் நான் சொல்கிறேன். மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும். டாக்கிலிருந்து கடலுக்குப் போகும்போது கப்பலின் எடை மாறுவதில்லை. ஆகவே விலக்கப்படும் நீரின் எடையும் மாறுவதில்லை. மாறுவது அந்த நீர் பிடிக்கும் இடம் மட்டுமே.

உங்கள் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 24,000 டன்னைத் தாங்க, 1.025 அடர்த்தியுள்ள கடல்நீரில் 23,415 கன மீட்டர் நீர் விலக வேண்டும். நன்னீரில் 24,000 கன மீட்டர் விலக வேண்டும். இரண்டுக்கும் உள்ள 585 கன மீட்டர் வித்தியாசத்துக்கு, கப்பல் கூடுதலாக அமிழ்ந்துதான் இடம் பிடிக்க முடியும். நீர்மட்டத்தில் கப்பலைக் கிடையாக வெட்டினால் கிடைக்கும் பரப்பு எவ்வளவு என்பதை டி.பி.சி.யே சொல்லிவிடுகிறது: ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கடல்நீர்ப் படலத்தின் எடை 30 டன் என்றால், பரப்பு 2,927 சதுர மீட்டர். 585-ஐ 2,927-ஆல் வகுத்தால் 0.20 மீட்டர், அதாவது 200 மில்லிமீட்டர். சூத்திரப்படி 24,000-ஐ 120-ஆல் வகுத்தாலும் அதே 200 தான் வருகிறது. சூத்திரம் இல்லாமலேயே விடைக்கு வந்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒகேனக்கல் பரிசலில் முதல் ஆள் ஏறும்போது அது அமிழும் அளவும், ஐந்தாம் ஆள் ஏறும்போது அமிழும் அளவும் ஒன்றல்ல. பரிசலின் பக்கங்கள் வெளிப்புறமாக விரிந்திருப்பதால், அமிழ அமிழ நீர்மட்டப் பரப்பு கூடுகிறது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் முன்னைவிட அதிக எடை தேவைப்படுகிறது. கப்பலின் டி.பி.சி.யும் டிராஃப்டைப் பொறுத்து மாறும். நடுப்பகுதியில் பக்கங்கள் செங்குத்தாக இருப்பதால் மாற்றம் மெதுவாக நிகழ்கிறது, அவ்வளவுதான். உங்கள் கணக்கில் 30 என்பதை மாறா எண்ணாக வைத்திருப்பது இந்தச் சிறிய இடைவெளிக்குப் பொருந்தும். காலியான கப்பலிலிருந்து நிறைந்த கப்பல் வரைக்கும் பொருந்தாது.

காவேரிப்பட்டணம் கடலோடி

ஆசிரியர் ஐயா அடித்தளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். மீதியை நான் தொடர்கிறேன்.

முதலில் அந்த 4. கூடுதல் கன அளவைப் பரப்பால் வகுக்கும் கோவையை எழுதிப் பார்த்தால், மேலேயும் கீழேயும் ஒரு 1.025 வந்து அடிபட்டுப் போகும். மிஞ்சுவது, டிஸ்பிளேஸ்மென்டை 0.025-ஆல் பெருக்கி, டி.பி.சி.யின் 100 மடங்கால் வகுப்பது. 0.025 என்பது நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே மீட்டரில் விடை வேண்டுமென்றால் டி.பி.சி.யின் 4,000 மடங்கால் வகுக்க வேண்டும், மில்லிமீட்டரில் வேண்டுமென்றால் 4 மடங்கால் வகுத்தால் போதும். கடல்நீர் 1.025, நன்னீர் 1.000 என்ற இரண்டு எண்களுக்குள்தான் அந்த 4 ஒளிந்திருக்கிறது. வேறு எந்த இரண்டு அடர்த்திகளுக்கும் அதை அப்படியே எடுத்துப் போட முடியாது. அதனால்தான் டாக் நீருக்கு 25-இல் எத்தனை பங்கு என்று பார்க்கிறோம்: 1,025-லிருந்து 1,010 போனால் 15, 200-இல் 25-க்கு 15 பங்கு 120 மில்லிமீட்டர். டாக்கில் 9.12 மீட்டர் வரை அமிழலாம், கடலுக்குப் போனதும் கப்பல் எழும்பி 9.00-க்கு வந்துவிடும்.

இனி அந்த 18 டன். உங்கள் 42 சென்டிமீட்டரும் டாக் நீரில் நிகழ்கிற அமிழ்வு. ஒவ்வொரு டிராஃப்டுக்கும் உரிய டிஸ்பிளேஸ்மென்ட், டி.பி.சி. முதலியவற்றைத் தரும் ஹைட்ரோஸ்டேடிக் அட்டவணையில் அச்சிட்டிருக்கும் டி.பி.சி. 1.025 அடர்த்திக்கு உரியது. பரப்பு அதே 2,927 சதுர மீட்டர்தான். ஆனால் அந்தப் படலத்தில் இருப்பது 1.010 நீர் என்பதால் அதன் எடை 29.56 டன். 42-ஐ 29.56-ஆல் பெருக்கினால் 1,241.6. எந்த நீரில் கப்பல் அமிழ்கிறதோ அந்த நீரின் டி.பி.சி.யைத்தான் எடுக்க வேண்டும். 18 டன் என்றால் நம் பக்கத்துக் குவாரியிலிருந்து போகும் ஒரு கிரானைட் பிளாக்கின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். அத்தனை எடையைக் கூடுதலாக ஏற்றிவிட்டால் கடலில் கப்பலின் லோட் லைன், அதாவது அமிழ அனுமதிக்கப்பட்ட எல்லைக் கோடு, நீருக்கு அடியில் போய்விடும்.

அந்த லோட் லைனையும் மனத்தில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் இரு பக்கமும் நடுவில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம் இருக்கும். அதன் குறுக்கே 450 மில்லிமீட்டர் நீளமான கோடு செல்லும். அக்கோட்டின் மேல்விளிம்பு வளையத்தின் மையத்தைத் தொடும். வளையத்துக்கு முன்புறமாக எஸ் (சம்மர்), டி (டிராபிகல்), எஃப் (நன்னீர்) முதலிய கோடுகள் இருக்கும். எஸ் கோட்டுக்கும் எஃப் கோட்டுக்கும் இடையில் உள்ள உயரம்தான் உங்கள் 200 மில்லிமீட்டர் நன்னீர் அலவன்ஸ். நீங்கள் காகிதத்தில் கண்டுபிடித்த எண், இரும்புத் தகட்டின் மேல் பற்றவைத்துச் சாயம் பூசப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சாலின் போராட்டத்தால் 1876-இல் பிரிட்டனில் இந்தக் குறி கட்டாயமானது. இன்று நாம் பின்பற்றுவது 1966-ஆம் ஆண்டின் சர்வதேச லோட் லைன் உடன்படிக்கை. அதன் 12-ஆம் பிரிவு, நன்னீரில் கூடுதலாக அமிழ அனுமதிப்பதோடு, ஆற்றுத் துறைமுகத்திலிருந்து கடலை அடையும் வரை செலவாகும் எரிபொருள் முதலியவற்றின் எடைக்கும் இடம் தருகிறது. உங்கள் கணக்கில் ஆற்றுப் பயணத்துக்கு 25 டன் எரிபொருள் செலவாகும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், விடை 1,267 டன்னுக்கு நெருங்கியிருக்கும். தேர்வில் இந்த வரியைக் கேள்வியின் கடைசியில் வைப்பார்கள், விட்டுவிடாதீர்கள்.

பருவமும் ஒரு காரணி. வங்காள விரிகுடா டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை டிராபிகல் மண்டலம், மற்ற மாதங்களில் சம்மர் மண்டலம். டிராபிகல் கோடு, சம்மர் கோட்டுக்கு மேலே, சம்மர் டிராஃப்டில் 48-இல் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். உங்கள் கப்பலுக்கு அது 187.5 மில்லிமீட்டர், ஏறத்தாழ 560 டன். ஆனால் வழியில் சம்மர் மண்டலத்துக்குள் நுழைய வேண்டியிருந்தால், நுழையும்போது சம்மர் கோட்டுக்கு உரிய டிராஃப்டில் இருந்தாக வேண்டும்.

கடைசியாக, 1.010 என்ற எண்ணைப் பற்றி. கேள்வித்தாளில் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொச்சி போன்ற காயல் துறைமுகத்திலோ ஹூக்ளி ஆற்றிலோ மழைக்காலத்தில் மேலே ஆற்றுநீரும் கீழே உப்புநீரும் அடுக்காக நிற்கும். அலை ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என அடர்த்தி மாறும். கப்பல் ஓரத்தில் வாளியை விட்டு மேல்நீரை மட்டும் மொண்டு பார்ப்பது போதாது. மாதிரி எடுக்கும் குப்பியை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயும், டிராஃப்டின் பாதி ஆழத்திலும், கப்பலின் அடிமட்ட ஆழத்திலும் இறக்கி எடுக்க வேண்டும்; கப்பலிலிருந்து குளிர்விக்கும் நீரும் பலாஸ்ட் நீரும் (கப்பலின் சமநிலைக்காக டாங்க்குகளில் ஏற்றும் நீர்) வெளியேறும் துளைகளுக்கு அருகில் எடுக்கக் கூடாது. எடுத்த உடனே, நீர் வெயிலில் சூடேறுவதற்கு முன், ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் படிக்க வேண்டும். கண்ணாடித் தண்டை ஒட்டி நீர் சற்று ஏறி நிற்கும். அந்த ஏறிய விளிம்பை அல்ல, நீரின் சமமட்டம் தண்டை வெட்டும் இடத்தைப் படியுங்கள். உங்கள் கப்பலில் அடர்த்தி 0.001 தவறினால் டிஸ்பிளேஸ்மென்ட் ஏறத்தாழ 24 டன் தவறும்.

ஜெகதேவி கல் வியாபாரி

இந்தத் திரியை ஆர்வத்தோடு படித்தேன். நான் கப்பல் படிப்புப் படித்தவன் அல்லன். பர்கூர் பக்கம் கிரானைட் பிளாக் ஏற்றுமதி செய்பவன். என் கேள்வியும் இதே பொருளைச் சார்ந்தது என்பதால் இங்கேயே கேட்கிறேன்.

நாங்கள் ஒவ்வொரு பிளாக்கையும் நீளம், அகலம், உயரம் அளந்து குறிக்கிறோம். லாரியில் ஏற்றியதும் எடைமேடையில் எடை போட்டுச் சீட்டு வாங்குகிறோம். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரமுள்ள ஒரு வண்ணக் கல் பிளாக், கன மீட்டருக்கு 2.65 டன் என்று எடுத்தால் சுமார் 23 டன் வரும். அதே அளவில் கருப்புக் கல் என்றால், அதன் அடர்த்தி 3-ஐ ஒட்டி இருப்பதால், 26 டன்னுக்கு அருகில் வரும். ஒரே காரணியை எல்லாக் கல்லுக்கும் போட்டுவிடக் கூடாது என்பதால் நாங்கள் எடைமேடைச் சீட்டையே நம்புகிறோம். அண்மையில் ஒரு கப்பலில் ஏற்றியபோது, எல்லாருடைய சீட்டுகளின் கூட்டுத்தொகையைவிட டிராஃப்ட் சர்வேயில், அதாவது கப்பல் அமிழ்ந்த ஆழத்தைக் கொண்டு எடை காணும் கணக்கில், வந்த எடை ஏறத்தாழ 90 டன் குறைவாக இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து துறைமுகம் வரை கொண்டுபோன கல் வழியில் கரைந்துவிடாது. இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வர முடியும் என்று விளக்க முடியுமா?

காவேரிப்பட்டணம் கடலோடி

அண்ணா, அந்தக் கப்பலின் அறிக்கையைப் பார்க்காமல் இன்ன காரணம்தான் என்று சொல்வது முறையாகாது. ஆனால் 90 டன் என்ற அளவு எளிதில் வரக்கூடிய ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

கிரானைட் மிகக் கனமான சரக்கு. ஹோல்டின், அதாவது சரக்கறையின், அடித்தளத்தில் ஓரிரு அடுக்கு வைத்தாலே கப்பல் தன் முழு எடைக்கு வந்துவிடும். மேலே பெரும்பகுதி காலியாக இருக்கும். நடு ஹோல்டுகளில் அதிகமாக அடுக்கினால் கப்பலின் உடல் நடுவில் சில சென்டிமீட்டர் தாழ்ந்து வளையும். தம்பியின் கப்பலையே வைத்துப் பார்ப்போம். முன் டிராஃப்ட் 8.62, பின் டிராஃப்ட் 8.78, நடுவில் 8.74 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னையும் பின்னையும் மட்டும் கூட்டிப் பாதியாக்கினால் 8.70. நடுப்பகுதி அதைவிட 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதை இந்தச் சராசரி மறைத்துவிடுகிறது. சர்வேயில் நடு டிராஃப்டை ஆறு மடங்காக்கி, முன்னும் பின்னும் சேர்த்து, எட்டால் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் 8.73 வரும். அந்த 3 சென்டிமீட்டரின் எடை, 1.010 நீரில், 89 டன். நடு டிராஃப்டைப் படிக்காமலோ, கரையை ஒட்டிய பக்கம் மட்டும் படித்தோ விட்டால் நான்கு பிளாக்குகள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

டிரிம் திருத்தம் இதைவிடச் சிறியது. மேற்சொன்ன எண்களில் டிரிம், அதாவது முன், பின் டிராஃப்ட்களின் வித்தியாசம், 16 சென்டிமீட்டர். கப்பலின் நீளம் 150 மீட்டராகவும், அது சாயும் மையம் நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் இருந்தால் திருத்தம் 6 டன்னைச் சற்றுத் தாண்டும். அதைவிட முக்கியம், சர்வே என்பது இரண்டு டிஸ்பிளேஸ்மென்ட்களின் வித்தியாசம் என்பதை நினைவில் வைப்பது. ஏற்றுமுன் இருந்த பலாஸ்ட், எரிபொருள், குடிநீர் ஆகியவை ஏற்றி முடித்தபின் எவ்வளவு இருந்தன என்பதை ஒவ்வொரு டாங்க்கிலும் அளவுகோல் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். முதல்நாள் எடுத்த அடர்த்தியையே கடைசி நாளுக்கும் எழுதியிருந்தால் அதிலும் பல டன் போகலாம். கவனமாகச் செய்த சர்வேக்கே அரை விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்று தொழிலில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

டிராஃப்ட் எண்ணைப் படிப்பதிலும் தவறு நேரும். மீட்டர் குறிகளில் ஒவ்வோர் எண்ணின் உயரமும் 10 சென்டிமீட்டர். எண்ணின் அடிவிளிம்புதான் அந்த அளவு. 8.6 என்பதைக் குறிக்கும் எண்ணின் அடியை நீர் தொட்டால் 8.60, அதன் உச்சியைத் தொட்டால் 8.70. அலை அசையும்போது மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் பலமுறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் தரப்பிலிருந்து ஒருவரை சர்வேயின்போது உடன் நிற்கச் செய்யுங்கள். இரு பக்கமும் முன், நடு, பின் என ஆறு டிராஃப்ட் எண்களையும், இரண்டு நாட்களின் அடர்த்தியையும், டாங்க் அளவுகளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஹைட்ரோமீட்டர், காற்றில் எடை போடுவதற்கு ஒத்தபடி கிலோகிராம்/லிட்டர் எனக் குறிக்கப்பட்ட சர்வே ஹைட்ரோமீட்டர்தானா என்பதையும் பாருங்கள். உங்கள் எடைமேடையும் காற்றில்தான் எடை போடுகிறது.

பாலக்கோடு மாணவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சூத்திரத்தை விட்டுவிட்டு, கடலோடி அண்ணா குறிப்பிட்ட ஹைட்ரோஸ்டேடிக் அட்டவணை வழியாகவும் போட்டுப் பார்த்தேன். 8.70 மீட்டருக்குக் கடல்நீர் டிஸ்பிளேஸ்மென்ட் 23,100 டன், அதை 1.010-ஆல் பெருக்கி 1.025-ஆல் வகுத்தால், டாக் நீரில் கப்பலின் உண்மையான எடை 22,762 டன். இறுதியில் இருக்க வேண்டியது 24,000. ஆகவே ஏற்றக்கூடியது 1,238 டன். வகுப்பு விடையைவிட இது 3 அல்லது 4 டன் குறைவு. கணக்கை மீண்டும் சரிபார்த்தேன். பெருக்கலில் பிழை இல்லை. இதற்கும் காரணம் உண்டா?

காவேரிப்பட்டணம் கடலோடி

உண்டு தம்பி. இதைக் கவனித்தது மிக நல்லது.

நன்னீர் அலவன்ஸை 25-இல் இத்தனை பங்கு என்று நேர்விகிதத்தில் பிரிப்பது தோராயம். ஆசிரியர் காட்டிய வழியில் கன அளவைக் கொண்டு போட்டுப் பாருங்கள்: 24,000-ஐ 1.010-ஆல் வகுத்தால் 23,762 கன மீட்டர், கடலில் 23,415, வித்தியாசம் ஏறத்தாழ 348. அதைப் பரப்பால் வகுத்தால் 118.8 மில்லிமீட்டர் வரும், 120 வராது. சரியான கோவையில் அடர்த்தி கீழேயும் ஒருமுறை வருகிறது, 120-ஐ 1.010-ஆல் வகுத்தாலும் அதே 118.8 கிடைக்கும். நன்னீரில் அந்த வகுக்கும் எண் 1 என்பதால் 200 அப்படியே நிற்கிறது; கடல்நீரில் அலவன்ஸே பூஜ்யம். இடையில் உள்ள அடர்த்திகளுக்கு மட்டும் சூத்திரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். உங்கள் கப்பலில் 1.2 மில்லிமீட்டரின் எடை மூன்றரை டன்.

தேர்வில் டாக் வாட்டர் அலவன்ஸ் வழியாகக் கேட்டால் 1,242 என்று எழுதுங்கள், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். கப்பலில் சீஃப் ஆபீசர் இறுதி எண்ணைக் கேட்கும்போது அட்டவணை வழியாகப் போட்ட 1,238-ஐக் கொடுங்கள்.